பாரமறிந்து வண்டி வாங்குக

நான்கு சக்கரங்களாலும் இழுக்கும் வண்டி பண்ணைத் தொழிலில் பரவலாகப் புகுந்து முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. யுத்தகளத்தில் பெயர் பெற்ற ஜீப்பை, அமெரிக்காவின் வில்லிஸ் கம்பெனி 1945-ல் குடியானவர்களுக்கேற்ப மாற்றி விற்கத் தொடங்கியது. 1948-ல் இங்கிலாந்தில் லாண்ட் ரோவர் வெளிவந்தது. 1988-ல் ஜப்பானின் கவாஸாகி கம்பெனி ‘மியூல்’ என்னும் சிறு பாரவண்டியை விற்பனைக்கு விட்டது. கோவேறு கழுதை என்பதே அப்பெயரின் பொருள்.

இன்று அமெரிக்காவின் மொன்டானா, வயோமிங் போன்ற மாநிலங்களின் கால்நடைப் பண்ணைகளில் சிறு பாரவண்டி, பிக்கப் லாரி, டிராக்டர் ஆகிய மூன்றும் உழைக்கின்றன. இவற்றுள் எதை வாங்குவது? குதிரைசக்தியைப் பார்த்து முடிவு செய்வோர் பலர். முதலில் பார்க்க வேண்டியது பாரத்தையே என்பது நமது கருத்து.

குளிர்காலத்தில் அங்கே மந்தைக்கு உலர்புல் கொண்டுசெல்ல வேண்டும். ஐந்தடி விட்டமும் ஐந்தடி அகலமும் உள்ள புல்லுருளை ஒன்று ஏறத்தாழ 450 கிலோ இருக்கும். தண்ணீரோ லிட்டருக்கு ஒரு கிலோ. ஒரு வண்டியின் மொத்தச் சுமைத்திறன் 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இருவர் ஏறி அமர்ந்தால் அதில் சுமார் 150 கிலோ கழிந்துவிடும். எஞ்சிய 450 கிலோவில் தொட்டியின் எடையும் அடங்க வேண்டும். ஆகவே, 450 லிட்டர் தண்ணீரை அவ்வண்டியில் ஏற்றலாகாது. இந்தக் கழித்தல் கணக்கைப் போடாமல் வாங்கியவர் பிறகு அச்சு முறிந்து வருந்துவார்.

இழுக்கும் திறனைவிட நிறுத்தும் திறன் முக்கியம். இறக்கத்தில் பாரம் மாட்டைத் தள்ளுவதை அறியாத வண்டிக்காரர் உண்டோ? யந்திர வண்டிக்கும் அதுவே விதி. பின்னால் பூட்டிய டிரெய்லர் வண்டியைவிடக் கனமாயிருந்து, அதற்குத் தனி பிரேக்கும் இல்லையெனில், சரிவில் அது வண்டியைத் தள்ளிக் கவிழ்த்துவிடும். பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் அலைமோதுவதும் இவ்வாறே ஆபத்தானது. தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வேண்டும். கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டமும் இருக்கை வாரும் இல்லாத வண்டியை, விலை மலிவு என்பதற்காக வாங்குவது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

யந்திரத்தின் உள்ளமைப்பையும் கேட்டறிதல் நலம். சிறு வண்டிகளில் பெரும்பாலானவை ரப்பர் பெல்ட்டின் மூலம் சக்கரத்துக்கு விசையைச் செலுத்துகின்றன. கனத்த பாரத்தை உயர்ந்த கியரில் மெல்ல இழுத்தால் பெல்ட் சூடேறிக் கருகும். தாழ்ந்த கியரே தக்கது. உதிரிபாகம் எவ்வளவு தூரத்தில் கிடைக்கும் என்பதையும் விசாரிக்க வேண்டும். பசுக்கள் கன்றீனும் பருவத்தில் பத்து நாள் நின்றுபோகும் வண்டி எவ்வளவு வலியதாயினும் பயனற்றதே.

ஆகவே, அன்றாட வேலையின் பாரத்தை எடையிட்டு, அதற்குமேல் சற்று மிச்சத் திறனுள்ள வண்டியைத் தேர்ந்தெடுப்பதே விவேகம். வருஷத்தில் இரண்டொரு நாள் வரும் பெரும் பாரத்துக்காக ஒருவரே பெரிய வண்டி வாங்கிக் கடன்பட வேண்டியதில்லை. அண்டைப் பண்ணையார் பலர் சேர்ந்து ஒரு டிராக்டரை முறைவைத்துப் பயன்படுத்தலாம். கூட்டுறவில் பழகிய நம் அங்கத்தினர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டுமோ? நமது சங்கம் எந்த வண்டியை வாங்க எண்ணினாலும், விலைப்பட்டியலைக் கேட்குமுன் தராசைக் கேட்போமாக.