குஞ்சு வாங்கறதுக்கு முன்னாடி டேப்பை எடுங்க பாஸ்!

லீவுக்கு ஊருக்குப் போறீங்க. சந்தையில பஞ்சாரத்துக்குள்ள நாட்டுக்கோழிக் குஞ்சுங்க 'கீச் கீச்'னு கத்துது. 'முட்டை வித்தே பாக்கெட் மணி தேத்திடலாமே'ன்னு மனசுக்குள்ள ஒரு பிசினஸ் பிளான் ஓடுது. யோசிக்காம இருபது குஞ்சு வாங்கிட்டு வந்துடறீங்க. சிக்கலே அங்கேதான்! எத்தனை கோழின்னு முடிவு பண்ண வேண்டியது உங்க பர்ஸ் இல்லை, உங்க வீட்டுக் கொல்லைப்புறம்.

கணக்கு ரொம்ப சிம்பிள். பகல்ல வெளியே மேய்ஞ்சுட்டு ராத்திரி அடையற கோழி ஒண்ணுக்குக் குறைஞ்சது 2 சதுர அடி வேணும். 6 அடிக்கு 4 அடி கொட்டகைன்னா 12 கோழி, அவ்வளவுதான். 'கையளவு குஞ்சுதானே'ன்னு இருபதை அடைச்சீங்கன்னா, வளர வளர ஒண்ணையொண்ணு கொத்த ஆரம்பிக்கும். ரத்தத்தைப் பார்த்துட்டா கொத்தியே கொன்னுடும். நாள் முழுக்க அடைச்சு வளர்க்கப் போறீங்களா? இன்னும் தாராளமா இடம் விடுங்க.

அடுத்து திசை. கொட்டகையோட நீளம் கிழக்கு மேற்கா இருக்கணும். வாஸ்து இல்லீங்க, சுத்தமான இன்ஜினீயரிங்! காலையிலயும் சாயங்காலமும் சாய்வா அடிக்கிற வெயில் அகலம் குறைஞ்ச பக்கத்துல மட்டும்தான் விழும். கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சிரைச்சுத்தான் சூட்டைத் தணிச்சுக்கும். வேலூர், திருத்தணிப் பக்கம் மே மாசத்துல 40 டிகிரியைத் தாண்டும்போது, மொட்டை மாடியில வெறும் தகரக் கூரை போட்டா அது வீடில்லை, அடுப்பு! மேலே தென்னங்கீத்து பரப்புங்க. நீளமான ரெண்டு பக்கமும் வலை அடிச்சுக் காத்து குறுக்கே ஓட விடுங்க.

எச்சத்துல இருந்து வர்ற அந்த நெடி, நம்ம கெமிஸ்ட்ரி லேப் அம்மோனியாவேதான். காத்தை விட லேசு, மேலே ஏறும். அதனால கூரையை ஒட்டி இடைவெளி அவசியம். தரையில 2, 3 அங்குலத்துக்கு உமியோ கடலைத்தோலோ பரப்பி, வாரம் ரெண்டு தடவை கிளறி விடணும். நனைஞ்ச இடத்தை உடனே அள்ளிடணும். (செமஸ்டருக்கு ஒரு தடவை ரூமைப் பெருக்கற ஹாஸ்டல் பார்ட்டிகள் நல்லா யோசிச்சுக்கங்க!)

வலையில மட்டும் கஞ்சத்தனம் வேணாம். கடையில 'கோழி வலை'ன்னு தர்ற மெல்லிசு வலையைத் தெருநாய் கிழிச்சுடும். அரை அங்குல வெல்டு மெஷ் போடுங்க. 1 அடி மண்ணுக்குள்ளயும் புதைங்க. ஒரு ராத்திரி கீரிப்பிள்ளை உள்ளே புகுந்தா ஒரு கோழியோட விடாது. விடிஞ்சு பார்த்தா மொத்தமும் செத்துக் கிடக்கலாம்.

காட்டுக்கோழி மரத்துல அடையற ஜாதி. அதோட வாரிசுக்கும் உசரம்தான் பிடிக்கும். ஒரு கம்பைக் குறுக்கே கட்டிடுங்க. அஞ்சு கோழிக்கு ஒண்ணுன்னு இருட்டு மூலையில முட்டைப் பெட்டி வைங்க, பழைய மரப்பெட்டியே போதும்.

சேவல்? முட்டைக்கு சேவலே தேவையில்லை பாஸ், குஞ்சு பொரிக்கத்தான் வேணும். காலையில 4 மணிக்கு அது கூவினா பக்கத்து வீட்டு அங்கிளுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.