ஜப்பானிய இஸகாயாவில் ஒரு மாலை

ஜப்பானுக்குச் சென்று திரும்புவோர் பூஜி மலையின் பனிமுடியைப் பற்றியும், சக்குரா மலரைப் பற்றியும், அம்பெனப் பாயும் ரயிலைப் பற்றியும் எழுதுவது வழக்கம். அவற்றை நானும் கண்டேன். ஆயினும் ஊர் திரும்பிய பின் என் நினைவில் முந்திக்கொண்டு வந்து நிற்பது வேறொன்று. டோக்கியோ நகரில் ரயில் பாதையைத் தாங்கும் வளைவு ஒன்றின் அடியில், தோளோடு தோள் உரச மக்கள் அமர்ந்திருந்த ஒரு சிறிய உண்டிச்சாலையே அது. அத்தகைய கடையை அந்நாட்டார் 'இஸகாயா' என்று அழைக்கின்றனர்.

என் மகன் மூன்று ஆண்டுகளாக டோக்கியோவில் கணிப்பொறித் துறையில் பணிபுரிகிறான். அவன் குடியிருப்பது நிஷி காசாய் என்னும் பகுதி. 2000ஆம் ஆண்டையொட்டி இந்தியப் பொறியாளர்கள் மிகுதியாகக் குடியேறத் தொடங்கிய இடம் அது. துவரம் பருப்பும் புளியும் அங்கே கடையில் கிடைக்கின்றன. சென்ற இலையுதிர் காலத்தில் நானும் என் மனைவியும் பம்பாயிலிருந்து அவனைப் பார்க்கச் சென்றிருந்தோம்.

ஒரு நாள் மாலை அவன் சற்றுத் தயங்கியவாறே, "அப்பா, எங்கள் பிரிவுத் தலைவர் உங்கள் இருவரையும் விருந்துக்கு அழைத்திருக்கிறார். இடம் ஓர் இஸகாயா" என்றான்.

"அது என்ன கடை?" என்று அவன் தாய் கேட்டாள்.

"உணவும் கிடைக்கும், மதுவும் கிடைக்கும், அம்மா."

என் மனைவியின் முகம் மாறிவிட்டது. சைவ உணவன்றி வேறு அறியாத குடும்பம் எங்களுடையது. மது எங்கள் வாசற்படி ஏறியதில்லை. "நீயும் அங்கே போவதுண்டா?" என்பதே அவள் கேட்க விரும்பிய வினா. ஆனால் அவள் கேட்கவில்லை. கேளாத அந்த வினாவையும் உடன் சுமந்துகொண்டு நாங்கள் மூவரும் சுரங்க ரயிலில் ஏறினோம்.

பெயரும் பிறப்பும்

'இ' என்றால் இருத்தல். 'சகாயா' என்றால் மதுக்கடை. இரண்டும் சேர்ந்து இஸகாயா ஆயிற்று. மதுவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல், கடையிலேயே இருந்து பருகும் இடம் என்பது பொருள். அரிசியை நொதிக்கவைத்துச் செய்யும் 'சாக்கே' என்னும் மதுவை விற்ற கடைகளே நாளடைவில் இவ்வாறு மாறின.

டோக்கியோவுக்கு 1868 வரையில் எதோ என்று பெயர். அந்நகரின் காண்டா பகுதியில் 1596இல் தொடங்கிய தோஷிமாயா என்னும் கடை, மதுவோடு டோபுவையும் சுட்டு விற்றுப் பெயர் பெற்றது. டோபு என்பது சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் வெண்ணிறக் கட்டி. மதுவை வாங்கிய விலைக்கே விற்று, காலியான மரப் பீப்பாய்களை விற்று அக்கடைக்காரர் இலாபம் கண்டார் என்று சொல்வர். எங்களை அழைத்துச் சென்ற கடையும் அதே காண்டாவில்தான் இருந்தது.

எதோ நகரில் இத்தகைய கடைகள் ஏன் பெருகின என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பு உண்டாயிற்று. நாட்டின் சிற்றரசர்கள் ஓராண்டு விட்டு ஓராண்டு எதோவில் தங்க வேண்டும் என்று 1635இல் சட்டம் பிறந்தது. அவர்களோடு வீரர்களும் ஏவலரும் ஆயிரக்கணக்கில் வந்தனர். தச்சரும் கொத்தரும் சுமை தூக்குவோரும் பிழைப்பைத் தேடி வந்தனர். 1721இல் எடுத்த கணக்கின்படி நகர மக்கள் ஏறத்தாழ 5 இலட்சம் பேர்; அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் ஆண்கள். வீரர் குடியினர் இக்கணக்கில் சேரவில்லை. மனைவி மக்களை ஊரில் விட்டு வந்து, ஒற்றை அறையில் தங்கி, அடுப்பு மூட்ட வகையில்லாத மனிதர்கள் அவர்கள். அவர்களுக்குச் சூடான ஒரு கிண்ணம் உணவும், பேச்சுத் துணைக்கு ஒரு மனிதரும் வேண்டியிருந்தன. 1811ஆம் ஆண்டுக் கணக்கில் இஸகாயாக்கள் மட்டும் 1,808 இருந்தன.

1981இல் நான் பம்பாய்க்கு வந்து மாதுங்காவில் ஓர் அறையை மூவரோடு பகிர்ந்துகொண்டிருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. அப்போது எங்களுக்குத் தாய்வீடாக இருந்தது தெருக்கோடியில் இருந்த மெஸ். இரண்டு நாள் சாப்பிட வராவிட்டால், "காய்ச்சலா, என்னவென்று பார்த்துவிட்டு வா" என்று பையனை அனுப்பும் பெரியவர் ஒருவர் அதை நடத்தினார். ஊர் வேறு, உணவு வேறு. ஆனால் தேவை ஒன்றே.

கடையின் உள்ளே

வாயிலில் சிவப்புக் காகிதக் கூண்டு விளக்கு ஒன்று தொங்கியது. இஸகாயாவுக்கு அதுவே அடையாளம். இடுப்பளவு தொங்கிய துணித் திரையை விலக்கிக்கொண்டு நுழைந்ததும், உள்ளிருந்த பணியாளர் அனைவரும் ஒரே குரலில் "இரஷ்ஷாய்மாசே!" என்று கூவினர். "வருக" என்பது அதன் பொருள். என் மனைவி திடுக்கிட்டு என் கையைப் பற்றிக்கொண்டாள்.

பிரிவுத் தலைவர் முன்னதாகவே வந்து காத்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். எழுந்து நின்று இடுப்பு வளைய வணங்கினார். அமர்ந்ததும் கை துடைக்க வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டு வந்தது. கேளாமலே ஒரு சிறு கிண்ணத்தில் ஏதோ ஓர் உணவும் வந்தது. இதற்கு 'ஓதோஷி' என்று பெயர். இது விருந்தினருக்கு இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. இருக்கைக்குரிய கட்டணம் போன்றது. தலைக்கு 300 முதல் 500 யென் வரையில் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஜப்பானியர் முதலில் பீர் கேட்பது எழுதாத சட்டம் போலும். தலைவர் தமக்கு அதைக் கேட்டார். எங்கள் மூவருக்கும் என் மகன் 'ஊலாங்' தேநீர் சொன்னான். கடைக்காரர் முகத்தில் எவ்வித மாறுதலும் இல்லை. தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்வது அங்கே வழக்கமன்று. ஒருவருக்கு மற்றவர் ஊற்ற வேண்டும். என் மனைவியின் கோப்பை குறையும்போதெல்லாம் தலைவரே தேநீரை ஊற்றினார். எல்லோரும் கோப்பையை உயர்த்தி "கன்பாய்" என்றபோது, எவர் கோப்பையில் எது இருந்தது என்று எவரும் பார்க்கவில்லை.

சுவரில் ஒரு பலகையின் மேல் சிவப்பு நிறத்தில் உருண்டையான பொம்மை ஒன்று இருந்தது. கண் ஒன்று மட்டும் தீட்டப்பட்டிருந்தது. 'தருமா' என்றார் தலைவர். போதிதருமரின் உருவமே அது. அவர் தென்னிந்திய அரசகுமாரர் என்பது மரபு; காஞ்சியினர் என்பாரும் உளர். ஒன்றை வேண்டிக்கொண்டு ஒரு கண்ணைத் தீட்டுவர். அது நிறைவேறினால் மறு கண்ணைத் தீட்டுவர். "உங்கள் ஊர்க்காரர்" என்று தலைவர் சிரித்தார். என் மனைவியும் அப்போதுதான் முதன்முறையாகச் சிரித்தாள்.

ஒரு கிண்ணத்தால் வந்த சோதனை

இஸகாயாவில் இலை போட்டு ஒரே முறையில் பரிமாறுவதில்லை. சிறு சிறு தட்டுகளாக ஒவ்வொன்றாய் வரும். நடுவில் வைத்து எல்லோரும் பகிர்ந்து உண்பர். முதலில் உப்பு நீரில் வேகவைத்த பச்சைச் சோயாக் காய் வந்தது. அதற்கு 'எதமாமே' என்று பெயர். என் மனைவி ஒன்றை உரித்துச் சுவைத்துவிட்டு, "நம் பச்சை மொச்சைக்குத் தங்கை" என்றாள். தலைவருக்குக் கோழி இறைச்சியைக் குச்சியில் கோத்துச் சுட்ட 'யாக்கிதோரி' வந்தது. அதை அவர் தம் பக்கமாகவே வைத்துக்கொண்டார்.

அடுத்து வந்தது பொரித்த டோபு. மெல்லிய பொன்னிறச் சாற்றில் அது மிதந்தது. அதன்மேல் மரச்சீவல் போன்ற சில இழைகள் ஆவியில் அசைந்தாடின. "இது சைவம்தானே?" என்று என் மனைவி கரண்டியை எடுத்தாள். "அம்மா, அதை உண்ண வேண்டாம்" என்று என் மகன் தடுத்தான்.

அந்தச் சீவல் மரமன்று, மீன். கத்சுவோ என்னும் சூரை இன மீனை வேகவைத்து, புகையூட்டி, மாதக்கணக்கில் உலர்த்தினால் கட்டையைப் போல் இறுகிவிடும். அதை இழைத்த சீவலையும் கொம்பு என்னும் கடற்பாசியையும் நீரிலிட்டு எடுக்கும் சாறே 'தஷி'. தூத்துக்குடிப் பக்கத்தார் அறிந்த மாசிக் கருவாட்டுக்கு இது நெருங்கிய உறவு. கொம்புப் பாசியின் சுவைக்குக் காரணம் குளூட்டாமேட் என்று 1908இல் கண்ட இக்கேதா என்னும் அறிஞர், அச்சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். ஜப்பானியச் சமையலுக்குத் தஷியே அடித்தளம். ரசத்துக்குப் புளி எப்படியோ, அவர்கள் சாற்றுக்கும் குழம்புக்கும் தஷி அப்படி. கண்ணுக்கு மீன் தெரியாது. காய்கறிக் கிண்ணத்திலும் அது இருக்கும்.

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். மகனைப் பார்த்துத் தமிழில், "உனக்கு இது எப்போது தெரிந்தது?" என்று கேட்டாள்.

"வந்து ஏழு மாதம் கழித்து, அம்மா. அதுவரையில் தெரியாமல் உண்டிருக்கிறேன். தெரிந்த பிறகு ஒரு வாரம் தயிரும் சோறுமாகவே கழித்தேன். உங்களுக்கு எழுதத் துணிவு வரவில்லை."

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. மொழி புரியாவிட்டாலும் நிலைமை தலைவருக்குப் புரிந்துவிட்டது. அவர் எழுந்து சென்று அடுப்பருகே நின்ற கடைக்காரரிடம் பேசினார். கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு எங்களிடம் வந்து தலை வணங்கி, இறைச்சி இல்லை என்று மட்டுமே தாம் கருதியதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பிறகு ஒவ்வொன்றாகப் புதிதாய் வந்தன: சீவலின்றி இஞ்சித் துருவல் மட்டும் வைத்த குளிர்ந்த டோபு, உப்புத் தூவிச் சுட்ட பச்சை மிளகாய், உப்பில் ஊறிய வெள்ளரி, சோயாச் சாற்றைத் தடவிக் கரிநெருப்பில் வாட்டிய சோற்றுருண்டை. அந்தச் சோற்றுருண்டையின் தீய்ந்த ஓரத்தை என் மனைவி விரும்பி உண்டாள்.

மறுபக்கமும் உண்டு

இஸகாயாவில் எல்லாம் இனிமை என்று எழுதினால் அது பொய்யாகும். அலுவலகத்தார் கூடிக் குடிக்கும் 'நோமிகாய்' என்னும் வழக்கத்தில், மேலதிகாரி ஊற்றியதை மறுக்க இயலாமல் வருந்தியவர் பலர். ஒரே மூச்சில் குடிக்கச் செய்யும் விளையாட்டால் மாணவர் உயிரிழந்த நிகழ்ச்சிகளும் உண்டு. இன்று அங்கே குடிக்க வற்புறுத்துவதைத் துன்புறுத்தல் என்றே கூறுகின்றனர். இளைஞர் பலர் குடிப்பதையே விட்டு வருகின்றனர். பெருந்தொற்றின்போது, 2021 ஏப்ரலில், மது வழங்கும் கடைகளை மூடுமாறு டோக்கியோவில் அரசு கேட்டுக்கொண்டது. அக்காலத்தில் மூடிய சிறு கடைகள் பல மீண்டும் திறக்கவே இல்லை.

பிள்ளைகளை அங்கே அனுப்பும் நம் குடும்பத்தாருக்குச் சில செய்திகள் பயன்படும். இருபது வயது நிரம்பாதவருக்கு மது அங்கே சட்டப்படி விலக்கு. குடியாதவர் "நோமெமாசென்" என்றால் போதும். "என்னால் குடிக்க இயலாது" என்பது பொருள். சைவர்கள் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. இறைச்சியாகிய 'நிக்கு', மீனாகிய 'சகானா', சாறாகிய 'தஷி' ஆகிய மூன்றையும் பெயர் சொல்லி விலக்க வேண்டும். அதையும் இடம் பதிவு செய்யும்போதே சொல்வது நன்று. கொம்புப் பாசியும் உலர்ந்த காளானும் கொண்டு மட்டும் சாறு எடுக்கும் பௌத்த மடத்துச் சமையலும் அந்நாட்டில் உண்டு. அது நமக்கு ஏற்றது. பணியாளருக்குத் தனியே இனாம் கொடுப்பது அங்கே வழக்கமன்று.

திரும்பும் வழியில்

ரயிலில் என் மனைவி தன் வினாவைக் கேட்டுவிட்டாள். "நீ குடிப்பதுண்டா?"

"முதலாண்டில் ஒரு முறை, அம்மா. எல்லோரும் குடிக்கும்போது நான் மட்டும் தனித்து நிற்பதாகத் தோன்றியது. பிறகு ஒரு நாள் எங்கள் தலைவர், உனக்குப் பிடிக்கவில்லை என்றால் தேநீர் குடி, ஆனால் வராமல் இருந்துவிடாதே என்று சொன்னார். அன்றுமுதல் தேநீர்தான்."

அவள் நெடுநேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவருக்குக் காரம் ஆகுமா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் அவள் எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் செய்து, தூக்கில் அடைத்து மகனிடம் கொடுத்தனுப்பினாள். மூன்றாம் நாள் தூக்கு திரும்பி வந்தது. கழுவித் துடைத்த அந்தத் தூக்கினுள் நன்கு பழுத்த சீமைப் பனிச்சைப் பழங்கள் நான்கு இருந்தன. "வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாது என்பது இவர்களுக்கும் தெரிந்திருக்கிறதே!" என்றாள் என் மனைவி.