நீலம் பாய்ந்த குழந்தையும் இருதய அறுவையும்

பச்சிளங் குழந்தையின் உதடும் நாவும் நீலம் பாய்ந்திருக்கக் கண்டால், அதனைக் கிரகண தோஷமென்றும் தாயின் குற்றமென்றும் கூறுவோர் நம்மிடையே உண்டு. உண்மையில் அது, கருவிலேயே இருதயத்தில் நேர்ந்த குறையின் அறிகுறியாக இருக்கலாம். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ எட்டுக்கு இருதயக் குறை ஏதேனும் இருக்கின்றது. அவற்றுள் அரிதான ஒன்றை இங்கு விளக்குவோம்.

இருதயத்தின் வலப்பக்கம், உடலைச் சுற்றிவந்த இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகின்றது. அங்கே பிராணவாயுவைப் பெற்ற இரத்தம், நான்கு குழாய்களின் வழியே இடப்பக்க மேலறையை அடைந்து, பின்னர் உடலெங்கும் பாய்கின்றது. சில குழந்தைகளுக்கு இந்நான்கு குழாய்களும் வழிமாறி வலப்பக்கத்தோடு இணைந்துவிடுகின்றன. வடிகட்டிய ரப்பர்ப் பாலை மீண்டும் வடிகட்டாத பாலில் ஊற்றுவதை ஒத்தது இது. இரண்டும் கலந்த இரத்தம், மேலறைகளுக்கு இடையிலுள்ள துளையின் வழியே இடப்பக்கம் சென்று உயிரைத் தாங்குகின்றது. சிகிச்சை பெறாவிடில் இக்குழந்தைகளுள் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகின்றனர். குழாய் நெருக்குண்டிருந்தால் பிறந்த சில நாட்களிலேயே ஆபத்து நேரும்.

இதற்கு மருந்து மட்டும் போதாது. அறுவைச் சிகிச்சையே வழி. 1953ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் மருத்துவர் ஜான் கிப்பன், இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஏற்கும் இயந்திரத்தின் துணையால் ஒரு பெண்ணின் இருதயத் துளையை வெற்றிகரமாக அடைத்தார். இன்று அத்தகைய இயந்திரம் இரத்தத்தைச் செலுத்த, மருத்துவர்கள் குழந்தையின் இருதயத்தை நிறுத்திவைத்து, வழிமாறிய குழாய்களை இடப்பக்க மேலறையோடு இணைத்துத் தைத்து, துளையையும் அடைக்கின்றனர். நம் நாட்டிலும் குழந்தைகளுக்கு இருதய அறுவை நடைபெறுகின்றது. கோலாலம்பூரில் 1992ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட தேசிய இருதயக் கழகம் இப்பணியைச் செய்துவருகின்றது.

ஆகவே, பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில. குழந்தை பால் அருந்தும்போது களைத்து வியர்க்கின்றதா? விரைந்து மூச்சு வாங்குகின்றதா? எடை கூடாதிருக்கின்றதா? உடனே சுகாதாரக் கிளினிக்கிற்குக் கொண்டுசெல்லுங்கள். உதடோ நாவோ நீலமானால் ஒரு கணமும் தாமதியாமல் மருத்துவமனைக்கே விரையுங்கள். கையிலோ காலிலோ ஒரு சிறு கருவியைப் பொருத்தி, வலியின்றியே இரத்தத்தின் பிராணவாயு அளவைக் கண்டறிவர்.

அறுவைக்குப் பின், தைத்த இடம் சிலருக்கு மீண்டும் சுருங்கக்கூடும். பிள்ளை நன்றாக ஓடியாடுகின்றது என்றெண்ணி மறுபரிசோதனையைக் கைவிடலாகாது. ஒரு நாள் சம்பளம் போனால் மறுநாள் உழைத்து ஈட்டலாம்; உரிய வேளை தவறினால் உயிரை மீட்க இயலாது.