லேடாங் மலையடியில் ஒரு ஏக்கர்

மலாக்கா மாநிலத்தின் வடகிழக்கு ஓரத்தில், ஜாசின் மாவட்டத்தில் இருக்கிறது நியாலாஸ். ஒரு பக்கம் சிலாண்டார், மறுபக்கம் ஆசகான், கிழக்கே 1,276 மீட்டர் உயரத்தில் லேடாங் மலை. சாலையின் இருபுறமும் செம்பனையும் பால்மரமும்தான். இந்த வட்டாரத் தோட்டங்களில் பிறந்து, பிழைப்புக்காக மலாக்கா நகருக்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் பலருக்கு, வயதான காலத்தில் ஓர் ஆசை வருகிறது. ஊர்ப்பக்கம் ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும். நாலு டுரியான், நாலு வாழை, ஒரு மாட்டுக் கொட்டகை, சின்னதாய் ஒரு வீடு.

தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் உழைத்த சமூகத்துக்கு இது நியாயமான ஆசை. ஆனால் மின்கம்பம் எட்டாத, குழாய்த் தண்ணீர் வராத, சில சமயம் சாலையே இல்லாத உட்புற நிலத்தை வாங்குவது வீடமைப்புப் பகுதியில் வீடு வாங்குவதைப் போன்றதல்ல. அங்கே மேம்பாட்டாளர் செய்து முடித்த வேலைகள் அத்தனையும் இங்கே வாங்குபவரின் தலையில் விழும்.

உலகம் முழுக்க இந்த ஆசைக்குச் சந்தை உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மொஹாவே பாலைவனத்தில், 1958ஆம் ஆண்டு நாட் மெண்டல்சன் என்பவர் ஏறத்தாழ 80,000 ஏக்கரை வாங்கி, வீதிகள் வகுத்து, மனைமனையாக விற்றார். ‘கலிபோர்னியா சிட்டி’ என்று பெயர். பரப்பளவில் அந்த மாநிலத்தின் மிகப் பெரிய நகரங்களில் அதுவும் ஒன்று. ஆனால் வகுத்த வீதிகளில் பெரும்பகுதி இன்றும் வீடே இல்லாமல் மணலில் கிடக்கிறது. நேரில் பார்க்காமல் தொலைதூர நிலத்தை வாங்கி ஏமாந்தவர்கள் பெருகியதால், மாநிலங்களுக்கிடையே நிலம் விற்பவர்கள் உண்மை விவரங்களை வெளியிட வேண்டும் என்று 1968இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. மலேசியாவில் மணலுக்குப் பதில் பச்சை. ஆனால் சிக்கல் ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரிகிற மண் வேறு, கையெழுத்துப் போடுகிற தாளில் உள்ள நிலம் வேறு.

நியாலாஸ் வட்டாரத்தின் வரலாறே நிலம் வாங்கிய வரலாறுதான். 1896இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிக நோக்கில் எழுந்த முதல் ரப்பர் தோட்டம் அது. அது கைகொடுக்கவே, காடாகக் கிடந்த புக்கிட் ஆசகானுக்குச் சென்று பெரிய அளவில் பயிரிட்டார். அந்தத் தோட்டம் பிறகு ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனது. அதன்பின் எழுந்த தோட்டங்களில் காட்டை அழித்தவர்களிலும் பால் வெட்டியவர்களிலும் பலர் தமிழர்கள். நிலத்தின் கிராண்டில், அதாவது உரிமைப் பத்திரத்தில், அவர்கள் பெயர் இல்லை.

அந்தக் குறை 1950களில் பெரும் துயரமாக வெடித்தது. வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடி விற்றார்கள். ‘தோட்டத் துண்டாடல்’ என்று அன்றைய செய்தித்தாள்கள் எழுதியது இதைத்தான். வேலை போனது, லயத்து வீடு போனது, பள்ளியும் ஆட்டங்கண்டது. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் தலைமையிலான குழு ஆராய்ந்து அறிக்கை தந்தது.

அதற்கு விடையாக, ம.இ.கா. தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. நிலத்தின் கிராண்டு சங்கத்தின் பெயரில் இருந்தது, தொழிலாளியின் கையில் பங்கு இருந்தது. நிலம் துண்டாகாமல் காப்பாற்றப்பட்டது.

இன்று நிலம் தேடுகிறவர் இந்தக் கடைசி விஷயத்தை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் இப்போது சந்தையில் ‘பங்கு லாட்’ என்ற பெயரில் விற்கப்படுவது இதற்கு நேர்மாறானது.

ஐந்து ஏக்கர் விவசாய நிலத்தை ஒருவர் வாங்கி, தாளில் இருபது கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கால் ஏக்கர் என்று விற்பதாக வைத்துக்கொள்வோம். வாங்குகிற இருபது பேரின் பெயரும் ஒரே கிராண்டில் ஏறும். ஆளுக்கு இருபதில் ஒரு பங்கு. ஆனால் எந்த மூலை யாருடையது என்று கிராண்டு சொல்லாது. தனிக் கிராண்டு எடுக்கலாம் என்றால், விவசாய நிலத்தை 0.4 ஹெக்டருக்கு, அதாவது சுமார் ஓர் ஏக்கருக்குக் கீழே பிரிக்கத் தேசிய நிலச் சட்டம் பொதுவாக இடங்கொடுப்பதில்லை. வேலி போடலாம், வீடு கட்டலாம் என்று வாய்வார்த்தையாக எத்தனை பேர் சொன்னாலும், நாளை பங்காளிகளுக்குள் தகராறு வந்தால் அந்த வேலிக்குச் சட்டத்தில் இடமில்லை. கூட்டுறவில் சங்கத்தின் விதிகளும் கணக்கும் பொதுக்கூட்டமும் உண்டு. பங்கு லாட்டில் முன்பின் தெரியாத பத்தொன்பது பேர்தான் உண்டு.

மலாக்காவுக்கே உரிய இன்னொரு சிக்கல் இருக்கிறது. இந்த மாநிலத்தின் கிராமப்புற நிலங்களில் கணிசமானவை ‘மலாக்கா வழக்காற்று நிலம்’. சுருக்கமாக எம்.சி.எல். பினாங்கு, மலாக்கா நில உரிமைகளுக்கென 1963இல் வந்த சட்டத்தின் கீழ் வருபவை இவை. மலாக்காவில் வாழும் மலாய்க்காரர்களுக்கென ஒதுக்கப்பட்டவை என்பதால், மற்றவர்கள் சிறப்பு அனுமதியின்றி வாங்க முடியாது. விலை மலிவாக இருக்கிறதே என்று முன்பணம் கட்டிவிட்டு, பிறகு கிராண்டில் இந்த மூன்று எழுத்தைப் பார்த்தால் பயனில்லை. ஜாசின் மாவட்டத்தின் ஃபெல்டா குடியேற்ற நிலங்களும் தனிச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை, திறந்த சந்தையில் விற்கும் நிலம் அல்ல.

ஆகவே முதல் பயணம் நிலத்துக்கு அல்ல, ஜாசின் நில அலுவலகத்துக்கு. லாட் எண்ணையும் முக்கிம் பெயரையும் கொடுத்து, சிறு கட்டணம் செலுத்தினால், ‘சாரியான்’ எனப்படும் பதிவுத் தேடல் விவரம் கையில் வந்துவிடும். உரிமையாளர் யார், நிலம் எந்த வகை, நிரந்தர உரிமையா குத்தகையா, குத்தகை என்றால் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம், வங்கியில் அடமானம் உண்டா, யாராவது கேவியட் என்ற தடைப் பதிவு போட்டிருக்கிறார்களா, மாநில அரசின் ஒப்புதலின்றி விற்கக் கூடாது என்ற தடை இருக்கிறதா எல்லாம் அதில் தெரியும். கிராண்டு எண்ணுக்கு முன்னால் எச்.எஸ். என்று இருந்தால் இறுதி நில அளவை இன்னும் முடியவில்லை என்று பொருள். அதில் எழுதியிருக்கும் பரப்பளவு தற்காலிகமானது.

டி.ஓ.எல். என்ற தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தைக் காட்டி நிலம் விற்பவர்களும் உண்டு. அது ஆண்டு முடிந்தால் முடிந்துபோகும் அனுமதி. இன்னொருவருக்கு மாற்ற முடியாது, வாரிசுக்கும் போகாது. அரசு நிலத்தில் ஐம்பது ஆண்டு குடியிருந்தாலும் அது உரிமையாகாது என்பது சட்டம்.

அடுத்தது பாதை. தோட்டத்து மண்சாலை வழியாக வண்டி போகிறது, முப்பது ஆண்டாக எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள் என்று விற்பவர் சொல்லலாம். ஆனால் நெடுங்காலம் நடந்ததாலேயே பிறர் நிலத்தின்மேல் வழியுரிமை பிறப்பதை மலேசியச் சட்டம் ஏற்பதில்லை. தோட்டம் கைமாறி, புதிய நிர்வாகம் கதவைப் பூட்டினால் கேட்க நாதியில்லை. நில அலுவலகத்துக்கு விண்ணப்பித்து வழியுரிமை பெற வாய்ப்பு உண்டு. அதற்குக் காலமும் இழப்பீடும் வேண்டும். வரைபடத்தில் சாலை ஒதுக்கீடு இருக்கிறதா, அது தரையிலும் இருக்கிறதா என்று நில அளவையாளரை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

வீடு கட்டுவது பற்றியும் தெளிவு வேண்டும். விவசாய நிலத்தில் உரிமையாளர் குடியிருக்க வீடு கட்ட நிலச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஜாசின் நகராண்மைக் கழகத்திடம் வரைபட ஒப்புதல் பெற வேண்டும். தங்கும் விடுதி, கடை, மண்டபம் என்றால் நிலத்தின் வகையையே மாற்ற வேண்டியிருக்கும்.

மின்சாரத்துக்குக் கம்பம் இழுக்கச் செலவு அதிகமானால் சூரிய ஒளி கைகொடுக்கும். கணக்கு எளிது. குளிர்பெட்டிக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட், இரண்டு மின்விசிறி பத்து மணி நேரம் ஓட ஒன்றேகால், விளக்குகளுக்குக் கால், தண்ணீர் பம்பு ஒரு மணி நேரம் ஓட முக்கால். மொத்தம் நாலு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. 2 கிலோவாட் தகடு நல்ல வெயில் நாளில் ஆறு ஏழு யூனிட் தரும். மழைக்காலத்தில் இரண்டு நாள் வானம் மூடியிருந்தாலும் தாங்க, எட்டு யூனிட் பேட்டரி வேண்டும். செலவின் பெரும்பங்கு தகட்டில் அல்ல, பேட்டரியில்தான்.

தண்ணீரை இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும். 1991இல் டுரியான் துங்கால் அணை வற்றி, மலாக்கா மக்கள் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றது பலருக்கு நினைவிருக்கும். உட்புற நிலத்தில் மழைநீர்த் தொட்டியும் கிணறும் இரண்டும் வேண்டும். நிலத்தைப் பார்க்க இரண்டு முறை போக வேண்டும்: காய்ந்த பிப்ரவரியில் ஒரு முறை, கிணற்றில் நீர் எங்கே நிற்கிறது என்று பார்க்க. அடைமழை விட்ட மறுநாள் ஒரு முறை, பள்ளத்தில் வெள்ளம் எதுவரை ஏறுகிறது என்று பார்க்க. கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்புவதும் அவசியம்.

விலைக்கு மேல் வரும் செலவையும் முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். மலேசியக் குடிமகன் ஒருவர் 150,000 வெள்ளிக்கு நிலம் வாங்கினால், முதல் 100,000 வெள்ளிக்கு ஒரு விழுக்காடும் மிச்சத்துக்கு இரண்டு விழுக்காடுமாக 2,000 வெள்ளி முத்திரை வரி. அரசு மதிப்பீடு விலையைவிட அதிகமாக இருந்தால் வரி அதன்மேல். வழக்கறிஞர் கட்டணம், அளவைக் கட்டணம், வேலி, பாதைக்குக் கல் கொட்டுவது எல்லாம் தனி.

சேமநிதிப் பணத்தையும் மனைவியின் நகையையும் வைத்து நிலம் வாங்க நினைக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். தரகர் எத்தனை அவசரப்படுத்தினாலும், பதிவுத் தேடல் கையில் வருமுன் ஒரு வெள்ளிகூட முன்பணமாகக் கொடுக்காதீர்கள். விற்பவரின் வழக்கறிஞரை நம்பாமல் உங்களுக்கென ஒருவரை அமர்த்துங்கள். தனியாக வாங்க முடியாவிட்டால், உறவினரும் பழைய தோட்டத்து நண்பர்களும் சேர்ந்து, முறையாகப் பதிவு செய்த கூட்டுறவின் பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ ஒரே கிராண்டாக வாங்குங்கள். 1961இல் பால் வெட்டிய கைகள் பத்து வெள்ளியைக் கொண்டு செய்தது அதைத்தான்.