யாரும் தேடாத சரக்கை விற்ற வாலிபர்!

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஒரு வாலிபர் பஸ் ஏறினார். நியூயார்க் போக வேண்டும். நான்கு மணி நேரப் பயணம். வழியில் வேலை பார்க்கலாம் என்று மடிக் கணினியைத் திறந்தார். பென் டிரைவை வீட்டிலேயே மறந்துவிட்டது அப்போதுதான் தெரிந்தது!

அவர் பெயர் ட்ரூ ஹூஸ்டன். "நம் வேலைகளை எல்லாம் இன்டர்நெட்டில் ஓர் இடத்தில் போட்டு வைத்தால், எந்தக் கணினியிலும் எடுத்துக்கொள்ளலாமே!" என்று அவருக்குத் தோன்றியது. அராஷ் பெர்டோசி என்ற மாணவரைக் கூட்டுச் சேர்த்து, 2007-ம் ஆண்டில் கம்பெனி தொடங்கினார். அதுதான் "டிராப்பாக்ஸ்".

99-க்கு 233!

சரக்கு தயார். வாடிக்கைக்காரர் வேண்டுமே! கூகிள் தேடு பக்கத்தில் விளம்பரம் கொடுத்தார்கள்.

அந்த விளம்பரம் எப்படி நடக்கிறது, தெரியுமா? நீங்கள் ஒரு சொல்லை எழுதித் தேடுகிறீர்கள். அந்தச் சொல்லுக்கு வியாபாரிகள் முன்பே ஏலம் கேட்டிருப்பார்கள். வந்த விளம்பரத்தை நீங்கள் தொட்டால், வியாபாரி கூகிளுக்குப் பணம் கட்ட வேண்டும். நீங்கள் ஒன்றும் வாங்காமல் போனாலும் கட்ட வேண்டும்!

டிராப்பாக்ஸ்காரர்கள் கணக்குப் பார்த்தார்கள். ஒரு வாடிக்கைக்காரரைப் பிடிக்க 233 டாலர் முதல் 388 டாலர் வரை செலவு. அவரிடம் விற்றதோ 99 டாலர் சரக்கு! ஆள் சேரச் சேர நஷ்டம். இதைவிடக் கடையைச் சாத்திவிட்டுத் தூங்கலாம்.

ஏன் இப்படி? குழாய் ஒழுகினால் ரிப்பேர்காரரைத் தேடுவோம். பல் வலித்தால் டாக்டரைத் தேடுவோம். அந்தத் தொழில்களுக்குத் தேடு பக்கம் நல்ல இடம்தான். டிராப்பாக்ஸ் போல ஒன்று உண்டு என்றே மக்களுக்குத் தெரியாது. தெரியாத சரக்கை என்ன சொல் போட்டுத் தேடுவார்கள்?

ஒரே இரவில் 75 ஆயிரம்!

இத்தனைக்கும், 2008-ம் ஆண்டிலேயே ஓர் அதிசயம் நடந்திருந்தது. அப்போது டிராப்பாக்ஸ் வெளிவரவில்லை. ஹூஸ்டன் ஒரு சிறு வீடியோ எடுத்தார். தம் குரலிலேயே விளக்கம் சொன்னார். அதை "டிக்" என்ற சமூக ஊடகத்தில் விட்டார்.

அங்கே கூடுகிறவர்கள் கணினிப் பைத்தியங்கள். அவர்களுக்கு மட்டுமே புரியும் வேடிக்கைகளை வீடியோவில் ஒளித்து வைத்திருந்தார், கெட்டிக்காரர்! அவர்கள் விடுவார்களா? ஒருவருக்கொருவர் காட்டினார்கள். காத்திருப்போர் பட்டியலில் அதுவரை 5 ஆயிரம் பேர். விடிந்து பார்த்தால் 75 ஆயிரம் பேர்!

தேடு விளம்பரத்தில் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு, கம்பெனி மறுபடி மக்கள் வாயையே நம்பியது. "நண்பரைச் சேர்த்துவிடுங்கள், உங்கள் இருவருக்குமே கூடுதல் இடம் இனாம்" என்றது. பேஸ்புக்கிலும் டுவிட்டரிலும் அழைப்புகள் பறந்தன. சரக்கு மட்டமாக இருந்திருந்தால், கெட்ட பெயரும் அதே வேகத்தில்தான் பறந்திருக்கும்!

2008 செப்டம்பரில் 1 லட்சம் பேர் சேர்ந்திருந்தார்கள். 2010 ஜனவரியில் 40 லட்சம் பேர். 2018 மார்ச்சில் கம்பெனியின் பங்குகள் நியூயார்க் நாஸ்டாக் சந்தைக்கு வந்தபோது, கணக்கு வைத்திருந்தவர்கள் 50 கோடிக்கும் மேல்!