செவியே அளவுகோல்: இல்லத்தில் சூழொலி அமைக்கும் முறை

1935-ஆம் ஆண்டில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி தம் இல்லத்தில் சிறு வானொலி நிலையம் ஒன்றை நிறுவி, அதற்கு ‘ஆகாசவாணி’ எனப் பெயரிட்டார். பிற்காலத்தில் அகில இந்திய வானொலியும் அப்பெயரையே ஏற்றுக்கொண்டது. அந்நாளில் ஒலிபரப்பைக் கேட்போர் முன் இருந்தது ஒரே ஓர் ஒலிபெருக்கி. அதை எங்கே வைப்பது என்பது பெரிய கேள்வியாக இருக்கவில்லை.

இன்று அதே மைசூரு நகரின் இல்லங்களில் ‘ஹோம் தியேட்டர்’ என்னும் பெயரால் ஆறு பெட்டிகள் வந்து சேருகின்றன. இவற்றுள் ஐந்து சாதாரண ஒலிபெருக்கிகள். ஆறாவது, ஆழ்ந்த ஒலிக்கென உள்ள ‘சப்வூஃபர்’. மின் இணைப்பு எங்கே உள்ளதோ, அலமாரியில் எங்கே இடம் உள்ளதோ, அங்கே அவை வைக்கப்பட்டுவிடுகின்றன. அதன் பயனாக வெடியோசை அறையை அதிரவைக்கிறது. பாத்திரங்களின் பேச்சோ வீட்டிலுள்ள முதியவருக்கு விளங்குவதில்லை. ஒலியை மேலும் கூட்டுவதே பலர் காணும் பரிகாரம். அது பேச்சைத் தெளிவாக்குவதில்லை. செவிக்குத் தீங்கையே தேடித் தருகிறது. பெட்டிகளை நிறுத்தும் முறையை அறிந்துகொண்டால் இத்தொல்லையின் பெரும்பகுதி செலவின்றியே நீங்கிவிடும்.

திசையை அறியும் விதம்

மனிதனுக்கு இரு செவிகள் இருப்பதாலேயே ஒலி வரும் திசை எளிதில் புலனாகிறது. காற்றில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் செல்கிறது. அதாவது, வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் 34 சென்டிமீட்டர் கடக்கிறது. வலப்புறத்தில் எழும் ஒலி வலச்செவியை முதலில் அடைந்து, தலையைச் சுற்றி இடச்செவியைச் சற்றுப் பிந்தி அடைகிறது. இவ்வேறுபாடு மிகுதியாக இருக்கும்போதும் வினாடியின் பதினாயிரத்தில் ஆறு அல்லது ஏழு பங்கே ஆகும். எனினும் மூளை அதைக் கணித்துவிடுகிறது. உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளில், தலை மறைப்பதால் ஒரு செவியில் வலிமை குறைவதும் திசையைக் காட்டுகிறது. இவ்விரு குறிப்புகளையும் 1907-இல் ரேலி பிரபு விளக்கினார்.

மற்றொரு விதியும் உண்டு. ஒரே ஒலி இரு பெட்டிகளிலிருந்து மிகச் சிறிய கால இடைவெளியில் வந்தால், முதலில் வந்த பெட்டியிலிருந்தே முழு ஒலியும் எழுவதாகச் செவி கொள்கிறது. ஆகவே ஒரு பெட்டி மற்றதைவிட ஒரு முழம் அருகில் இருந்தாலும் ஒலிக்காட்சி அப்பக்கம் சாய்ந்துவிடும். இதிலிருந்து ஓர் எளிய முடிவு பெறப்படுகிறது: அளவுகள் யாவும் கேட்பவரின் தலையிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். முதலில் ஆசனத்தை நிறுத்துக. பிறகு பெட்டிகளை வைக்க.

கயிறும் கடிகாரமும்

அமர்ந்திருப்பவரை ஒரு பெரிய கடிகாரத்தின் நடுவில் இருப்பவராகக் கருதலாம். திரை 12 மணியில் உள்ளது. நடு ஒலிபெருக்கி அதன் கீழேயோ மேலேயோ அமையும். முன் வலப்பெட்டி 1 மணியிலும், முன் இடப்பெட்டி 11 மணியிலும் வரும். பின்புறப் பெட்டிகள் இரண்டும் 4 மணியிலும் 8 மணியிலும் நிற்கும். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையில் முன்பெட்டிகளுக்கு 30 பாகையும், பின்பெட்டிகளுக்கு 100 முதல் 120 பாகை வரையும் கூறப்பட்டுள்ளன. கடிகாரத்தில் ஒரு மணிக்கு 30 பாகை ஆதலால் கணக்கு பொருந்துகிறது.

கோணமானி தேவையில்லை. இரண்டரை மீட்டர் நீளமுள்ள கயிறு ஒன்று போதும். கயிற்றின் ஒரு முனையை ஆசனத்தில் தலை இருக்கும் இடத்தில் பிடித்து, மறுமுனை எட்டும் தூரத்தில் முன்பெட்டிகளை வைக்க வேண்டும். அவ்விரு பெட்டிகளுக்கும் இடையிலும் அதே கயிறு சரியாக நீண்டால் சமபக்க முக்கோணம் அமைந்துவிட்டது என்று பொருள். பின் வலப்பெட்டிக்கு, ஆசனத்திலிருந்து முன் வலப்பெட்டிக்குச் செல்லும் கோட்டிற்குத் தச்சரின் மூலைமட்டத்தால் செங்கோணம் எடுத்தால் 4 மணியின் இடம் கிடைக்கும். இடப்புறமும் அவ்வாறே. முன்பெட்டிகளின் முகம் அமர்ந்தவரின் செவி மட்டத்தில் இருத்தல் நலம்.

நடுப்பெட்டியை முன்பெட்டிகளின் வரிசையிலேயே வைத்தால் அது கேட்பவருக்கு 33 சென்டிமீட்டர் அருகில் வந்துவிடும். அதன் ஒலி வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு முந்தும். ரிசீவர் கருவியில் ஒவ்வொரு பெட்டியின் தூரத்தையும் குறிப்பிட்டால், அருகிலுள்ளதன் ஒலியை அதுவே தாமதப்படுத்திச் சரிசெய்யும்.

ஆழ்ந்த ஒலியும் அறையும்

80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நான்கு மீட்டருக்கு மேற்பட்டது. தலை அதற்கு முன் மிகச் சிறியது. ஆகவே அதன் திசை செவிக்கு எளிதில் புலப்படாது. சப்வூஃபரைக் கடிகாரத்தின் எந்த மணியிலும் வைக்கலாம். ஆனால் அறையின் மூலையில் வைத்தால் முழக்கம் மிகும். தக்க இடத்தைக் காண ஓர் எளிய வழி உண்டு: அப்பெட்டியைத் தற்காலிகமாக ஆசனத்தில் வைத்து இசையை ஒலிக்கச் செய்து, அறையைச் சுற்றித் தரையருகே குனிந்து கேட்க வேண்டும். எங்கே ஒலி சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைக்கலாம்.

கல் தரையும் பூச்சுச் சுவரும் ஒலியைத் திருப்பி அனுப்பும். ஜமக்காளம், தடித்த திரைச்சீலை, நூல்கள் நிறைந்த அலமாரி ஆகியவை எதிரொலியைக் குறைக்கும்.

பேச்சு விளங்காவிடில்

முதுமையில் உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் திறனே முதலில் குறைகிறது. ச, ஸ, ஷ போன்ற மெய்யொலிகளின் தெளிவு அச்சுருதிகளில்தான் உள்ளது. ஆழ்ந்த முழக்கம் அவற்றை மேலும் மறைக்கும். திரைப்படப் பேச்சின் பெரும்பகுதி நடுப்பெட்டியிலிருந்தே வருவதால், மொத்த ஒலியைக் கூட்டாமல், நடுப்பெட்டியின் அளவை மட்டும் இரண்டு மூன்று டெசிபெல் உயர்த்தி, சப்வூஃபரைத் தணித்தலே முறை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்திற்கு 80 டெசிபெலும், குழந்தைகளுக்கு 75 டெசிபெலும் எல்லையாக வகுத்துள்ளது. ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்விற்கும் அந்நேரம் பாதியாகும். 90 டெசிபெலில் பெரியவர்க்கு வாரத்திற்கு 4 மணி நேரமே மிஞ்சும்.

இம்முறையெல்லாம் இரு செவிகளும் சீராக இருப்போர்க்கே முழுப்பயன் தரும். ஒரு செவி பழுதுற்றவருக்கு, எத்துணைப் பெட்டிகள் சூழ்ந்திருப்பினும், திசையறிதல் கடினம். வகுப்பில் பெயர் சொல்லி அழைத்தால் எதிர்ப்பக்கம் திரும்பும் குழந்தையைக் கவனமின்மை என்று கண்டிப்பதற்கு முன் ஆசிரியர் இதை நினைவிற் கொள்ள வேண்டும். கிராமங்களில் பணியாற்றுவோர், வானொலியையோ தொலைக்காட்சியையோ நாளுக்கு நாள் உரக்க வைக்கும் முதியவரைக் கண்டால் செவிப் பரிசோதனைக்கு அனுப்புதல் தகும். 1965-இல் தொடங்கப்பட்டு மைசூரு மானசகங்கோத்ரியில் இயங்கிவரும் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இப்பரிசோதனைகளைச் செய்வதோடு, செவியியல் வல்லுநர்களையும் பயிற்றுவித்து வருகிறது. பெட்டிகளைச் சீர்படுத்தியும் பேச்சு விளங்கவில்லையெனில், அடுத்துச் சோதிக்க வேண்டியது செவியே ஆகும்.