கோச்சை எப்பவும் ஆப்புக்குத்தான்

"மாப்ள, ஒரு ஐநூறு இருக்குமா? நாளைக்கே ஆயிரமா தர்றேன்."

ஒரு ஐ.பி.எல். சீசன் முழுக்க எங்க ஹாஸ்டல்ல இதைக் கேட்காத நாள் கம்மி. கேட்டது என் ரூம்மேட். பேர் வேண்டாம். சீசன் முடியறப்ப, வீட்டுல தேங்காய் வித்து அனுப்பின செமஸ்டர் ஃபீஸ் 31,500 ரூபாய் பெட்டிங் ஆப்புல போயிடுச்சு.

அவன் கிரிக்கெட் தெரியாதவன் இல்லைங்க. எந்தக் கணிப்பு சரி, எது தப்புன்னு ஒரு நோட்டுல எழுதியே வெச்சிருந்தான். எண்ணிப் பார்த்தா ஏறக்குறைய பாதி சரி. பாதி சரின்னா போட்ட காசாவது திரும்பணுமே? ஏன் திரும்பலைங்கறதுதான் இந்தக் கட்டுரை. செமஸ்டர்ல படிச்ச நிகழ்தகவு போதும்.

1.90-ன்னா என்ன?

ரெண்டு டீமும் சமபலம்னு வெச்சுக்குவோம். ஆப்புல ரெண்டு பக்கமும் 1.90-ன்னு போட்டிருப்பாங்க. 100 ரூபாய் கட்டி ஜெயிச்சா 190 கைக்கு வரும், தோத்தா 100-ம் போச்சு. வாய்ப்பு பாதிக்குப் பாதி. அப்போ 100 ரூபாய்க்குச் சராசரியா திரும்பி வர்றது 0.5 × 190 = 95. மீதி 5 ரூபாய் ஆப்போட கமிஷன்.

இன்னொரு விதமாவும் பார்க்கலாம். 1-ஐ 1.90-ஆல் வகுத்தா 52.63 சதவீதம். ரெண்டு டீமுக்கும் கூட்டினா 105.26 வருது. நிகழ்தகவோட கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டாதுன்னு நமக்குத் தெரியும். தாண்டின அந்த 5.26-லதான் ஆப்பு பிழைக்குது. அதாவது 100-க்கு 53 தடவை சரியா சொன்னாத்தான் லாபம்னு ஆரம்பிக்கும். அமெரிக்கால அவங்க ஊர் ஃபுட்பாலுக்குப் பந்தயம் கட்டுறவங்களுக்கும் இதே கதைதான். அங்கே வழக்கமா 110 டாலர் கட்டினா லாபம் 100 டாலர். நஷ்டம் இல்லாம இருக்கவே 52.4 சதவீதம் சரியா இருக்கணும்.

நம்ம ஊர்க் கணக்குல சொல்றேன். பொங்கலுக்கு அரவக்குறிச்சி பக்கம் பூலாம்வலசு சேவல்கட்டு கேள்விப்பட்டிருப்பீங்க. தோத்துச் செத்த சேவலுக்குப் பேரு கோச்சை. அது ஜெயிச்ச சேவல்காரருக்குப் போகும். ஆப்புல எந்தச் சேவல் ஜெயிச்சாலும் கோச்சை ஆப்புக்குத்தான்.

"டபுள் பண்ணா எடுத்துடலாம்டா"

சரி, நூத்துக்கு அஞ்சுதானே நஷ்டம், 31,500 எப்படிப் போச்சு? தோத்தா அடுத்த மேட்ச்ல ரெண்டு மடங்கு கட்டுறதுன்னு ஒரு வழக்கம் இருக்கு. மார்ட்டிங்கேல்னு சொல்லுவாங்க. என்னைக்காவது ஒருநாள் ஜெயிப்போம், அன்னைக்கு எல்லாம் வந்துடும்னு நம்பிக்கை. 1.90-ல அதுகூட நடக்காது.

100, 200, 400, 800-ன்னு நாலு தடவை தோத்தாச்சு. போனது 1,500. அஞ்சாவதா 1,600 கட்டி ஜெயிச்சுட்டோம். லாபம் 1,440. ஜெயிச்ச பிறகும் 60 ரூபாய் நஷ்டம்! அதுக்கு மேல ஒவ்வொரு படியிலும் இந்தப் பள்ளம் பெருசாகிட்டே போகும்.

நம்மாளு 500-ல ஆரம்பிச்சான். 500, 1,000, 2,000, 4,000, 8,000, 16,000. வரிசையா ஆறு தோல்வி. கூட்டிப் பாருங்க, 31,500. "ஆறு தடவை தொடர்ந்து தோக்கறது என் ராசிடா"ன்னான். ராசி இல்லை. 74 மேட்ச் சீசன்ல ஒவ்வொரு மேட்சுக்கும் காசு சுண்டினா, எங்கேயாவது ஓரிடத்துல தொடர்ந்து ஆறு தோல்வி வர வாய்ப்பு சுமார் 44 சதவீதம். நம்பலைன்னா பைத்தான்ல பத்து வரி எழுதி ஓட்டிப் பாருங்க.

எதிர்ல இருக்கறது யாரு?

பந்துக்குப் பந்து கட்டுற லைவ் பெட்டிங்ல இன்னொரு சிக்கல். நம்ம மொபைல்ல ஓடுற ஸ்ட்ரீமிங் மைதானத்துக்குச் சில விநாடி பின்னாடிதான் வரும். நாம பார்க்கற பந்து அங்கே ஏற்கெனவே முடிஞ்சிருக்கும். அது தெரிஞ்சவன் எதிர்ல இருந்தா நாம என்ன கணிக்கறது?

சில சமயம் மேட்ச்சே பொய். 2022-ல குஜராத் மெஹ்சானா மாவட்டம் மோலிபூர்ல ஒரு வயலை மைதானமாக்கி, கூலியாட்களுக்கு ஐ.பி.எல். ஜெர்சி போட்டு, ஒரு மேட்சுக்கு 400 ரூபாய் கொடுத்து ஆடவிட்டாங்க. யூடியூப்ல பார்த்துப் பந்தயம் கட்டினது ரஷ்யாவுல இருந்தவங்க. அம்பயர் சொன்னபடி சிக்ஸரும் விக்கெட்டும் விழுந்துச்சு. காலிறுதி வரை போன பிறகுதான் போலீஸ் பிடிச்சது.

சட்டம் எங்கே நிக்குது?

தமிழ்நாட்டுல 2022-ல நிறைவேறி, 2023 ஏப்ரல்ல ஒப்புதல் கிடைச்ச ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் இருக்கு. அதுபடி ஆடுறவருக்கே மூணு மாசம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லை ரெண்டும். 2025 ஆகஸ்ட்ல வந்த மத்திய அரசுச் சட்டம், பணம் கட்டி ஆடுற ஆன்லைன் விளையாட்டுகளை நடத்தறதையே தடை பண்ணிடுச்சு. 1872 ஒப்பந்தச் சட்டத்தோட 30-வது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயிச்ச காசை ஆப்பு தரலைன்னா கோர்ட்டுக்கும் போக முடியாது.

முக்கியமா ஒண்ணு. "உன் பேங்க் அக்கவுண்டை மட்டும் கொடு, மாசம் இவ்ளோ தர்றோம்"னு சீனியரே கேட்டாலும் கொடுக்காதீங்க. பெட்டிங், மோசடிப் பணம் அதுவழியா ஓடும். போலீஸ் வர்றப்ப இருக்கறது உங்க பேருதான்.

ஏற்கெனவே மாட்டியிருந்தா, விட்டதைப் பிடிக்கறேன்னு இறங்காதீங்க. முதல்ல வீட்டுல சொல்லிடுங்க. பண மோசடின்னா 1930, மனசு சரியில்லைன்னா டெலிமானஸ் 14416.

நம்மாளும் கடைசியில அப்பாகிட்டச் சொன்னான். அவர் திட்டலை. "இத்தனை நாள் ஏன் சாமி சொல்லல?"ன்னு மட்டும் கேட்டாராம். அந்த நோட்டை இன்னும் வெச்சிருக்கான். முதல் பக்கத்துல பெருசா 105.26-ன்னு எழுதியிருக்கு. இப்பவும் நாங்க சேர்ந்துதான் மேட்ச் பார்க்கறோம். தோத்த டீமோட ஆள் டீ வாங்கித் தரணும், அவ்ளோதான். அதுல கமிஷன் கிடையாது.